ஆறு மாதப் பயிற்சிக்குப் போகிறேன்: சுங்கை டுவா அறையை உள்வாடகைக்கு விடலாமா?

மிண்டன் மாணவி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறேன். சுங்கை டுவாவில் மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றில் நாங்கள் மூன்று பெண்கள் தங்கியிருக்கிறோம். மாத வாடகை 1,200 ரிங்கிட். பெரிய அறை என்னுடையது என்பதால் என் பங்கு 480. மற்ற இருவரும் ஆளுக்கு 360 கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் முடிகிறது. இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்கான முன்பணமாகவும் கட்டியிருக்கிறோம்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சைபர்ஜெயாவில் தொழிற்பயிற்சி. அங்கேயும் ஓர் அறை எடுத்தாக வேண்டும். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனையும் பயிற்சிப் படியையும் வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கு வாடகை கட்ட எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் செப்டம்பரில் இதே அறைக்குத் திரும்பி வர வேண்டும். இந்த வீட்டிலிருந்து வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். இதை விட்டால் இந்த விலைக்கு இன்னொன்று கிடைக்காது.

சுங்கை பட்டாணியைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருவர் அந்த ஆறு மாதத்துக்கு அறை கேட்கிறார். நல்ல பெண்ணாகத் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், வீட்டுடைமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, அலோர் ஸ்டாரில் இருக்கிறார். இங்கே வருவதே அபூர்வம். "சித்தி மகள் வந்து தங்கியிருக்கிறாள் என்று சொல்லிவிடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார்கள் தோழிகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே சமயம், கேட்கப் போய் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

இன்னொரு யோசனையும் வந்தது. பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுத் தருவதாகவும், மாதக் கணக்கைவிட அதில் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பியிருக்கிறார். எது சரி? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

தொழிற்பேட்டை அண்ணன் பதில்:

தங்கை, வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். நான் அதே பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். படித்த காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இப்படித்தான் யாருக்கும் சொல்லாமல் அறையை விட்டுவிட்டு ஜொகூருக்குப் பயிற்சிக்குப் போனார். வந்து தங்கியவர் இரண்டாவது மாதத்திலேயே வாடகையை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரிடம் முறையிடவும் வழியில்லை, ஏனென்றால் அவருக்கே விஷயம் தெரியாது. கடைசிவரை இவர்தான் ஜொகூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினார்.

சம்மதம் கிடைத்தபின் சாவி கொடுக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, வரப்போகிறவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கதவிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும், சுங்கை டுவா பழைய பிளாட்டுகளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதைக் கிட்டத்தில் காட்டுங்கள். குளிர்சாதனத்தைப் போட்டு, தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்க் கருவியும் அப்படியே. பிறகு மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, மூன்று பெண்களும் புதியவரும் இருக்கும் புலனக் குழுவில் போட்டுவிடுங்கள். நுழைவு அட்டை எத்தனை, அறைச் சாவி எத்தனை, வாகன நிறுத்துமிடத்தை யார் பயன்படுத்துவது என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

குளிர்சாதனத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் சண்டை அதில்தான் வரும். மற்ற இருவருக்கும் மின்விசிறி மட்டும் என்றால், பெரிய அறையில் இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும்போது கட்டணத்தை மூன்றாகப் பிரிப்பது நியாயமில்லை. முன்கூட்டியே பேசி முடியுங்கள். இணையச் சேவை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் கட்டணம் நிலுவையாகும்போது அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.

ஜார்ஜ்டவுன் எழுத்தர் பதில்:

மகளே, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாடகை ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வதும், முத்திரைக்கு அனுப்புவதும், பிறகு அதே ஒப்பந்தங்கள் தகராறாகத் திரும்பி வரும்போது கோப்பைத் தேடி எடுப்பதும்தான் என் வேலையாக இருந்தது. மாணவர்கள் இதில் மாட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உள்வாடகைக்கு விடும்போது உன் இடத்தில் இன்னொருத்தி வந்துவிடுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கும் உனக்கும் உள்ள ஒப்பந்தம் அசையாமல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே உனக்கும் சுங்கை பட்டாணிப் பெண்ணுக்கும் இடையே இரண்டாவதாக ஓர் ஒப்பந்தம் பிறக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் நேரடியாக ஒன்றும் கிடையாது. அவள் 480 ரிங்கிட் கொடுக்காவிட்டாலும் நீ 1,200 கட்டியாக வேண்டும். அவள் கண்ணாடியை உடைத்தால் பிடித்தம் உன் வைப்புத் தொகையில். மேலே உள்ள ஒப்பந்தம் முறிந்தால் கீழே உள்ளதும் அதோடு விழுந்துவிடும். அவள் வாடகையை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வெளியேற வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்கும் நீ இதைச் சொல்ல வேண்டும், மறைக்காதே.

வீட்டு வாடகைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. உன் விஷயத்துக்கு அடிப்படையாக இருப்பது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நீ கையெழுத்திட்ட காகிதமும்தான். அந்தக் காகிதத்தில் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று இருக்கிறதா, அப்படியானால் வேண்டும். தொலைபேசியில் "சரிம்மா, பார்த்துக்கொள்" என்று அவர் சொன்னதை ஆறு மாதம் கழித்து நீ எப்படிக் காட்டுவாய்?

சித்தி மகள் கதையை விட்டுவிடு. வீட்டுக்காரர் வந்து பார்க்க மாட்டார் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் உன் குளியலறைக் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தால் நிர்வாக அலுவலகம் யாரை அழைக்கும்? பதிவேட்டில் உள்ள உடைமையாளரைத்தான். அவர் ஒரு குழாய் பழுதுபார்ப்பவரை அனுப்புவார். கதவைத் திறப்பது யார் என்று கேட்பார். அன்று வாடகை பாக்கி இல்லாமல் இருந்தாலும் நீ நிபந்தனையை மீறியவள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் வைப்புத் தொகையைப் பிடித்துக்கொள்ளவும் அவருக்கு இடம் தரும் வாசகம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும். உன்னோடு சேர்ந்து அந்த இரண்டு பெண்களும் தேர்வு நேரத்தில் வீடு தேடி அலைய வேண்டும். அவர்கள் பெயர் ஒப்பந்தத்திலேயே இல்லை என்கிறாய். அவர்களுக்குப் பேசவே வாய் இருக்காது.

இதை இப்போதே சரிசெய்துவிடு. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்கும்போது ஒரே கடிதத்தில் இரண்டு காரியத்தையும் முடித்துக்கொள். மற்ற இருவரும் இந்த வீட்டில் வசிக்கிறார்கள் என்பதை அடையாள அட்டை எண்ணோடு அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பெரிய அறையில் இன்னார் உள்வாடகைக்கு இருக்கலாம் என்று சம்மதிக்க வேண்டும். அரைப்பக்கம் போதும். அவர் கையெழுத்து, உன் கையெழுத்து, தேதி.

அடுத்து, உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள ஒப்பந்தம். தோழமையை நம்பி வாய்ப்பேச்சில் விட்டுவிடாதே. அதில் முடியும் தேதியை உறுதியாக எழுது, அதைச் சம்மதக் கடிதத்தில் உள்ள தேதிக்கு மேல் ஒரு நாளும் தாண்ட விடாதே. மேல் ஒப்பந்தத்தின் நகலை இணைத்து, அதன் நிபந்தனைகள் தனக்கும் பொருந்தும் என்று அவளைக் கையெழுத்திடச் செய். அவளிடம் ஒரு மாத வைப்புத் தொகையும் மின்சாரத்துக்குச் சிறு தொகையும் வாங்கு. ரொக்கமாக வேண்டாம், வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

முத்திரைத் தீர்வையை, அதாவது ஒப்பந்தத்துக்காக அரசுக்குக் கட்டும் வரியை, பலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. கையெழுத்தான 30 நாளுக்குள் செலுத்திவிட வேண்டும், தாமதித்தால் அபராதம். ஓராண்டுக்கு மேற்படாத வாடகைக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் என்பதுதான் கணக்கு. உன் அறை வாடகைக்கு அது பெரிய தொகையாக வராது. உள்நாட்டு வருமான வாரியத்தின் இணையத் தளத்திலேயே செய்யலாம். 2026 ஜனவரி முதல் தீர்வையை நாமே கணக்கிட்டுச் செலுத்தும் முறை வாடகை ஒப்பந்தங்களுக்கு வந்திருக்கிறது, அதனால் தொகையைச் சரியாக நிரப்பு. சான்றிதழை அச்சிட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டி வை.

செப்டம்பரில் நீ பையோடு வந்து நிற்கும்போது அவள் போக மறுத்தால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. பூட்டை மாற்றி அவள் பெட்டியை நடைபாதையில் வைக்க உனக்கு அதிகாரமில்லை. 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம், 7ஆவது பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருப்பவரை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்றலாம் என்கிறது. அது ஒரு மாணவிக்குத் தாங்காத காரியம். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உன் பாதுகாப்பு இருக்கிறது. அவளுடைய முதுகலைக் காலம் எப்போது முடிகிறது, செப்டம்பருக்குப் பிறகு எங்கே தங்கப் போகிறாள் என்று இப்போதே கேள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆள் பார்.

பணத்தகராறு என்றால் அவ்வளவு கஷ்டமில்லை. 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீயே தாக்கல் செய்யலாம். படிவம் 198 என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆறு மாத வாடகை முழுவதும் சேர்த்தாலும் 2,880 தான், அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் காகிதம் இல்லாமல் அங்கே போய் நின்று பயனில்லை.

நாள் வாடகை யோசனை சொன்னவருக்குப் பதிலே எழுதாதே. அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகையைத் தடைசெய்ய, வீட்டுடைமையாளர்கள் சேர்ந்த நிர்வாகக் கழகம் விதி கொண்டுவரலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல், கோலாலம்பூர் மோண்ட் கியாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பினாங்கிலும் குடியிருப்பு அடுக்குமாடிகளில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதைவிட முக்கியம், உன் இரண்டு தோழிகள் தூங்கும் வீட்டுக்குள் வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து போவதை யார் அனுமதிப்பார்கள்?

புக்கிட் கம்பிர் வீட்டம்மா பதில்:

நான் வாடகைக்கு விடுகிறவள். எழுத்தர் ஐயா சொன்னதோடு எனக்கு ஓரிடத்தில் உடன்பாடில்லை. ஓர் அறைக்காக இரண்டு அடுக்கு ஒப்பந்தம் வேண்டாம் என்பேன். என் வீட்டில் ஒரு பெண் இப்படிக் கேட்டால், வருகிற பெண்ணையும் என்னோடு நேரடியாகக் கையெழுத்திடச் சொல்வேன். யாரிடம் வாடகை கேட்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கக்கூடாது. ஆனால் நீ திரும்பி வரப் போகிறாய் என்பதால் உன் வீட்டுக்கார அம்மா வேறு மாதிரி நினைக்கலாம். இரண்டு வழியையும் அவர் முன் வைத்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்.

கண்ணு, நீ பயப்படுவது வீண். வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வருவது அறை மாறியதால் வருவதில்லை, அடுத்தவர் சொல்லித் தெரியவரும்போதுதான் வருகிறது. என் வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று நிர்வாக அலுவலகக் காவலாளி சொல்லி நான் தெரிந்துகொள்வதா?

அவர் ஆசிரியை அல்லவா, நீட்டி முழக்காமல் மரியாதையாக எழுது. நான் வாங்க விரும்பும் கடிதம் இப்படி இருக்கும்: "டீச்சர், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எனக்குச் சைபர்ஜெயாவில் தொழிற்பயிற்சி. செப்டம்பரில் திரும்பி வருவேன். அந்த ஆறு மாதமும் என் அறையில் முதுகலை மாணவி ஒருவரைத் தங்கவைக்க உங்கள் அனுமதி வேண்டும். அவருடைய அடையாள அட்டை நகலையும் மாணவர் அட்டை நகலையும் இணைத்திருக்கிறேன். வாடகை 1,200ம் எப்போதும்போல என் கணக்கிலிருந்து மாதம் 5ஆம் தேதிக்குள் வரும். நீங்கள் விரும்பினால் அவரை நேரில் சந்திக்கலாம்." இதைப் படித்துவிட்டு முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாடகை தவறாமல் வரும் என்ற அந்த வரியை மட்டும் விட்டுவிடாதே, முதலில் என் கண் அதைத்தான் தேடும்.

அவளிடம் 480க்கு மேல் வாங்காதே. சட்டத்தில் தடை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. என் வீட்டை வைத்து இன்னொருவர் லாபம் பார்க்கிறார் என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்க மாட்டேன். வருகிறவர் வெளிநாட்டு மாணவியாக இருந்தால் கடவுச்சீட்டையும் மாணவர் அனுமதியையும் காலாவதித் தேதியோடு பார்க்க வேண்டும். உரிய அனுமதி இல்லாதவரை வீட்டில் தங்கவிட்டால் குடிநுழைவுச் சட்டம் வீட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவரையும் கேட்கும். உன் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை.

பந்தாய் டாலாம் வாசகி பதில்:

அறை தேடுகிறவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் கெரிஞ்சி, பந்தாய் டாலாம் பக்கம் முகநூலில் உள்வாடகை விளம்பரங்கள் நிறைய வருகின்றன. தனக்கு உரிமையில்லாத அறையைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி அப்படி ஒரு மாத வாடகையை இழந்தாள். அதனால் நான் யாரிடம் அறை பார்க்கப் போனாலும் மேல் ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் காட்டச் சொல்வேன். சம்மதக் கடிதம் உங்களைக் காப்பாற்றுவது மட்டுமல்ல, அதைப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணும் நம்பிப் பணம் கொடுப்பார்.

மிண்டன் மாணவி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுத் தோழிகள் இருவரிடமும் முதலில் பேசினேன். அந்தப் பெண்ணை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சாப்பிட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வோம் என்றார்கள். வந்தார், அவர்களுக்கும் பிடித்துவிட்டது. அவருடைய ஆய்வு ஆகஸ்டில் முடிந்துவிடும், அதன்பின் ஊர் திரும்புகிறார். மேற்பார்வையாளர் கொடுத்த கால அட்டவணையையும் காட்டினார்.

டீச்சருக்கு, புக்கிட் கம்பிர் அக்கா எழுதிக் கொடுத்ததை ஒட்டியே அனுப்பினேன். அன்று மாலையே அழைத்துவிட்டார். உள்வாடகைக்குச் சம்மதம், ஆனால் வாடகைப் பொறுப்பு என்னிடமே இருக்க வேண்டும் என்றார். சமையலறையில் எரிவாயுக் குழாயை மாற்ற வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தாராம், அதையும் இந்தச் சாக்கில் மாற்றித் தருகிறார். கடிதத்தை வரைந்து அனுப்பினால் கையெழுத்திடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பெண் தரும் வைப்புத் தொகையை டீச்சரிடம் கொடுத்துவிடவா, நானே வைத்துக்கொள்ளவா?

ஜார்ஜ்டவுன் எழுத்தர்:

நல்ல செய்தி மகளே. வைப்புத் தொகை உன்னிடமே இருக்கட்டும். அந்த இரண்டாவது ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் கடமை உனக்குத்தான். டீச்சரிடம் கொடுத்தால் உன் பணத்தோடு கலந்து, யாருடைய சேதத்துக்கு யாருடைய பணம் பிடிக்கப்பட்டது என்று பிறகு பிரிக்க முடியாது. செலவுக் கணக்கில் வைக்காதே, தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடு. அவள் காலி செய்து எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவாய் என்றும் எழுது. 14 நாள் என்று போடலாம், ஆனால் ஆகஸ்ட் மாத மின் கட்டணம் வருவதற்கு அதைவிடத் தாமதமானால் கடைசி மீட்டர் எண்ணை வைத்துக் கணக்கிட்டுக்கொள்வோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள். கடித நகலை இங்கே போடாதே, அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். பெயர்களை அழித்துவிட்டு வாசகத்தை மட்டும் ஒட்டினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.